குரோஸ் நோட்டும் குழந்தைத் தொழிலாளர் சட்டமும்

ஜூன் 12 வந்தால் எங்கள் ஊர் அலுவலகங்களில் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு உறுதிமொழி எடுப்பார்கள். கோர்ட் வளாகத்தில் நானும் வரிசையில் நின்று கையை நீட்டி எடுத்திருக்கிறேன். அது முடிந்து டீக்கடைக்குப் போனால் பேச்சு வருடா வருடம் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "தண்டனை பத்தாது சார். ரெண்டு முதலாளியைப் பிடிச்சு உள்ள போட்டா எல்லாம் சரியாயிடும்."

நான் சாத்தூரில் வக்கீல் குமாஸ்தா. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் வரும் வழக்குகளுக்கு இரண்டு தரப்பிலும் மனு டைப் செய்திருக்கிறேன். எங்கள் வக்கீல் யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு ஆஜராவார், தொழில் அப்படி. அதனால் டீக்கடைப் பேச்சில் எனக்குப் பாதி சம்மதம்தான். தண்டனையை ஏற்றலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வழக்கு எந்தப் பக்கமாக ஒழுகிப் போகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவனுக்கு, இன்னும் இரண்டு வருடம் சிறை என்று சேர்த்து எழுதுவதால் பெரிதாக எதுவும் மாறாது என்று தெரியும்.

முதலில் ஏட்டில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 1986 சட்டத்தில் குழந்தையை வேலைக்கு வைத்தவருக்கு மூன்று மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, இல்லையென்றால் 10,000 முதல் 20,000 ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டும். 2016 திருத்தத்தில் அது ஆறு மாதம் முதல் இரண்டு வருடம், 20,000 முதல் 50,000 என்று ஏறியது. மறுபடியும் அதே குற்றம் செய்தால் ஒன்று முதல் மூன்று வருடம் வரை சிறை. 14 வயதுக்குக் கீழே எந்தத் தொழிலிலும் கூடாது; குடும்பத் தொழிலுக்கு உள்ள விலக்கைப் பின்னால் சொல்கிறேன். 14 முதல் 18 வரை சுரங்கம், வெடிபொருள் மாதிரி அபாயத் தொழில்களில் கூடாது. போலீஸ் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். யார் வேண்டுமானாலும் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். அதிகாரியாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. இந்தக் கடைசி விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது.

ஆக, சட்டம் சொத்தை இல்லை. முதல் தடவைக்குச் சிறை கட்டாயம் கிடையாது, 20,000 கட்டிவிட்டுப் போய்விடலாம் என்பது ஒரு குறைதான். அதைவிடப் பெரிய குறைகளுக்கு அப்புறம் வருகிறேன்.

என் அக்கா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள். எங்கள் பக்கம் கம்பெனி, ஃபேக்டரி என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு என்றால் பயராபீஸ். வானம் பார்த்த கரிசல் காடு, மழை இல்லையென்றால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. 1920-களில் சிவகாசிக்காரர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த பிறகு இந்த வட்டாரமே அதில்தான் கஞ்சி குடித்தது. அதை நான் மறக்கவில்லை.

ஐந்தாம் வகுப்போடு அக்காவை நிறுத்தினார்கள். விடிவதற்கு முன்னாலேயே ஆபீஸ் வண்டி ஊருக்குள் வந்துவிடும். ஊரில் ஒரு ஏஜென்ட் உண்டு. தெருத்தெருவாகக் கதவைத் தட்டிப் பிள்ளைகளை எழுப்பி வண்டியில் ஏற்றிவிடுவது அவர் பாடு. வீட்டில் முன்பணம் வாங்கியிருப்பார்கள், அதனால் "இன்னைக்குக் காய்ச்சல்" என்று படுத்துக்கொள்ள முடியாது. பழைய சோறு தூக்குச்சட்டியோடு அக்கா பாதித் தூக்கத்தில் போவாள். அவள் எழுந்துபோன பாயின் சூட்டில் நான் இன்னும் இரண்டு மணி நேரம் தூங்குவேன். வண்டியில் போனதில் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். தம்பிமார்கள் நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். என் நோட்டுப் புத்தகம், ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் அவள் கூலி.

அவளுக்குக் கட்டை அடுக்குகிற வேலை. மரச் சட்டத்துக்குள் குச்சிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் வரிசையாக அடுக்கி இறுக்கித் தர வேண்டும். சரியாக அடுக்கினால்தான் மருந்தில் முக்கும்போது ஒவ்வொரு தலையும் தனித்தனியாக நிற்கும். இல்லையென்றால் நாலு குச்சி ஒன்றாக ஒட்டிக்கொண்டு கழிவில் போகும், அன்றைய கூலியில் பிடிப்பார்கள். முடிந்த கட்டைக்கு டோக்கன், வாரக் கடைசியில் டோக்கனை எண்ணிக் காசு. சின்ன விரலுக்குத்தான் இந்த வேலை தோதுப்படும் என்று ஆபீஸ்காரர்கள் வெளியூர் ஆட்களிடம் சொல்வதுண்டு. அக்காவிடம் அதைக் கேட்டேன். "வெரலு சின்னதுன்னு இல்லடா. கூலி சின்னது" என்றாள்.

1986-ல் சட்டம் வந்தபோது அக்காவுக்கு வயது தாண்டிவிட்டது. 1991-ல் சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் வெடித்து 39 பேர் செத்தார்கள். பத்திரிகையில் வந்த விபத்துச் செய்தியைப் பார்த்து உச்ச நீதிமன்றமே தானாக வழக்கைக் கையில் எடுத்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா பெயரில் அறியப்படும் அந்த வழக்கில் 1996 டிசம்பர் 10 தீர்ப்பு வந்தது. எங்கள் ஊர்த் தீப்பெட்டியில் ஆரம்பித்து, பிரோசாபாத் கண்ணாடி, சூரத் வைரம், மொராதாபாத் பித்தளை, அலிகர் பூட்டு என்று ஒன்பது தொழில்களை முதலில் கவனிக்கச் சொன்ன தீர்ப்பு அது. அதில் எனக்குப் பிடித்த ஒரு ஏற்பாடு உண்டு. குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும். அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு எங்கேயாவது ஒரு வேலையை அரசு ஏற்பாடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் தன் பங்குக்கு 5,000 கட்ட வேண்டும். அந்தப் பணத்தின் வட்டி பிள்ளையின் வீட்டுக்கு. பிள்ளையை வேலையில் இருந்து எடுத்தால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்று யோசித்த தீர்ப்பு. 1996-ல் 20,000 என்பது பெரிய பணம். அதை இன்றைக்குப் படித்தால், 2016 திருத்தத்தின் குறைந்தபட்ச அபராதமும் அதே 20,000-தான் என்பது கண்ணில் உறுத்துகிறது. இருபது வருடம் கழித்து எழுதிய எண்!

இன்றைக்கு அந்த வண்டிகளில் குழந்தைகள் கிடையாது. இதைச் சொல்லாமல் விட்டால் பொய். 1988-ல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள், சத்துணவு, இப்போது காலை உணவு, கட்டை அடுக்கவும் மருந்து முக்கவும் வந்துவிட்ட மிஷின்கள், கையெழுத்துப் போடத் தெரிந்த அம்மாக்கள், எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. ரெய்டும் வழக்கும் ஒரு பங்கு செய்தன. ஆனால் முடிந்துவிட்டது என்று சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 5 முதல் 14 வயதுக்குள் வேலை செய்த பிள்ளைகள் 1.01 கோடி. அடுத்த கணக்கு 2021-ல் எடுத்திருக்க வேண்டும், தள்ளிப்போனது. அந்தச் சிறப்புப் பள்ளித் திட்டத்தையும் 2021-ல் பொதுக் கல்வித் திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

சரி, வழக்கு எப்படி ஒழுகுகிறது என்பதற்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் ஆபீஸுக்கு வந்த ஒரு வழக்குக் கட்டு. ஊர், பேர், தொழில் எதுவும் சொல்லப் போவதில்லை. ஒரு சிறு யூனிட்டில் காலை பதினொரு மணிக்கு ரெய்டு. பதின்மூன்று வயது என்று அதிகாரி எழுதிய ஒரு பெண் பிள்ளை, கையில் பசையோடு உட்கார்ந்திருக்கிறாள். வழக்குப் பதிவானது. எங்கள் வக்கீல் எதிரித் தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்ட முதலாளிக்காக.

விசாரணையில் அம்மா சாட்சிக் கூண்டில் ஏறினார். "நாந்தேன் அங்க வேலை பாக்கேன். பிள்ள எனக்குச் சோறு கொண்டாந்துச்சு." பசை எப்படிக் கையில் வந்தது? "சும்மா தொட்டுப் பாத்துருக்கும்." அவ்வளவுதான், பிறழ்சாட்சி. ஊரில் அவருக்கு இருக்கிற ஒரே வேலை அந்த யூனிட், முன்பணமும் பாக்கி. வேறு என்ன சொல்வார்? அடுத்து பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு. அன்றைக்கு அந்தப் பிள்ளை பள்ளிக்கு வந்ததாகக் குறித்திருந்தது. இடைநிற்றல் கணக்கு ஏறக்கூடாது என்று யாரோ போட்ட குறி, முதலாளிக்குக் கேடயமாக வந்து நின்றது. சந்தேகத்தின் பலனில் விடுதலை. தீர்ப்பு நகலுக்கு விண்ணப்பம் போட்டு வாங்கி வந்ததும் நான்தான்.

இந்த வழக்கில் சிறைத் தண்டனை பத்து வருடம் என்று இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும்? அம்மா இன்னும் உறுதியாகப் பொய் சொல்லியிருப்பார். பதிவேடு இன்னும் கச்சிதமாக இருந்திருக்கும்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இளைஞர் நீதிச் சட்டம் 2015-ல் 79-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பிள்ளையை வேலைக்கென்று அடைத்து வைத்தாலோ, அதன் சம்பளத்தைத் தராமல் பிடித்துக்கொண்டாலோ ஐந்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். 18 வயது வரைக்கும் பொருந்தும். எங்கள் ஆட்கள் இதைத்தான் பல் உள்ள பிரிவு என்பார்கள். 2021-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது மூன்று முதல் ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களை மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகைக்கு மாற்றினார்கள். 79-ஆம் பிரிவும் அதில் விழுந்தது. ஸ்டேஷனில் போய் நின்றால் "கோர்ட்டுல போய் உத்தரவு வாங்கிட்டு வாங்க" என்று சொல்ல சட்டப்படியே வழி வந்துவிட்டது. தண்டனை அளவில் ஒரு நாள்கூடக் குறையவில்லை. பீகாரிலிருந்து வந்து எங்கேயோ ஒரு பட்டறையில் அடைந்து கிடக்கிற பையனுக்காக யார் மாஜிஸ்திரேட் முன்னால் மனுப் போடுவார்கள்? தண்டனையைக் கடுமையாக்கு என்று கொடி பிடிக்கிறவர்கள் முதலில் இதைத் திரும்பப் பெறு என்று கேட்க வேண்டும்.

இனி வீட்டுக்குள் வருவோம். ரெய்டு கெடுபிடி ஆன பிறகு வேலையின் ஒரு பகுதி ஆபீஸை விட்டுத் தெருவுக்கு வந்தது. ஏஜென்ட் அட்டையையும் பசை மாவையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்; அடிப்பெட்டி, மேல்பெட்டி ஒட்டி, காயவைத்து, சாக்கில் கட்டி வைத்தால் எடுத்துக்கொண்டு போவார். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144. அம்மா ஒட்ட, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கும். பரீட்சை நேரத்திலும் மடிக்கும்.

2016 திருத்தம் இதற்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தது. அபாயத் தொழில் அல்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாம். குடும்பம் என்றால் யார்? அம்மா, அப்பா, அண்ணன், அக்காவோடு சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி எல்லோரும். எங்கள் ஊரில் இந்தக் கணக்குப்படி ஒரு தெருவே ஒரு குடும்பம். அப்பா கடையில் பொட்டலம் மடித்துக் கொடுக்கிற பிள்ளையையும், ஏஜென்டுக்காகக் குரோஸ் கணக்கில் ஒட்டுகிற பிள்ளையையும் சட்டம் ஒரே கண்ணால் பார்க்கிறது. மருந்து தொடாத காலிப்பெட்டி அபாயத் தொழிலில் சேருமா என்று யாராவது கேட்டால் எங்கள் வக்கீல் இரண்டு பக்கமும் வாதாடுவார், இரண்டும் நன்றாக இருக்கும்.

பெற்றோருக்கு அபராதம் போடலாமே என்பார்கள். போட இடம் இருக்கிறது: வியாபாரத்துக்காகப் பிள்ளையை அனுமதித்து, மறுபடியும் அதையே செய்தால் 10,000 வரை. நான் இதை ஏற்ற வேண்டும் என்று சொல்ல மாட்டேன். தீப்பெட்டி விலை ஒரு ரூபாயில் இருந்து இரண்டு ரூபாய்க்கு ஏறவே பதினான்கு வருடம் ஆனது, 2021 டிசம்பரில்தான் ஏறியது. அந்தப் பெட்டியை ஒட்டுகிற பெண்ணின் கூலியில் 10,000 அபராதம் என்றால் அடுத்த நாளே அந்த வீட்டில் இன்னொரு பிள்ளையின் படிப்பு நிற்கும். அபராதம் மேலே போக வேண்டும், அட்டை எங்கே இருந்து வந்ததோ அங்கே.

எப்படிப் போகும்? இதற்கு எனக்கு வழி காட்டியது அக்காதான். போன வருடம் அவள் தெருவில் பக்கத்து வீட்டுப் பெண் ஏஜென்டோடு கூலித் தகராறு என்று தன் நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் கேட்க வந்தாள். நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு, ஓரமெல்லாம் பசை காய்ந்து மொறமொறவென்று இருந்தது. தேதி, கொடுத்த அட்டை, வாங்கிய குரோஸ், பற்று. ஒரே பெயர், அந்தப் பெண்ணின் பெயர். அக்கா விரலால் வரிசையைத் தடவிக்கொண்டே வந்தவள் ஒரு பக்கத்தில் நிறுத்தி, "இது ஒரு ஆளு ஒட்டுன கணக்கில்லையே" என்றாள். "நான் கல்யாணத்துக்கு முந்தி ராத்திரி பகலா ஒட்டுனப்பவும் இதுல பாதிதேன் வந்துச்சு. லீவுக்கு லீவு கூடுது பாரு." பார்த்தேன். காலாண்டு விடுமுறை, தீபாவளி, அரையாண்டு. சரியாக அந்த வாரங்களில் மட்டும் குரோஸ் ஏறி இறங்குகிறது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "புள்ளைக சும்மாதான இருக்குதுக" என்றாள்.

ரெய்டு இல்லை, சாட்சி இல்லை, வயதுச் சான்று இல்லை. ஏஜென்ட் தன் கையால் எழுதிய நோட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஆனால் இன்றைய சட்டத்தில் அந்த நோட்டு மட்டும் போதாது.

அதனால் திருத்தம் எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இதைத்தான் கேட்பேன். வெளியாள் கொடுத்து, எண்ணிக்கைக் கணக்கில் வாங்கிப் போகிற எந்த வேலையும் குடும்பத் தொழில் ஆகாது என்று ஒரு விளக்கம் சேருங்கள். வீட்டுக்கு வேலை கொடுக்கிறவர் பெயர்ப் பதிவேடும் கூலிச் சீட்டும் வைக்க வேண்டும் என்று வையுங்கள். ஒரு பெயரில் ஒரு ஆளால் முடியாத அளவு வேலை இருந்தால், அதில் பிள்ளைகள் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ஏஜென்டுக்கும் அவருக்கு மேலே இருக்கிற கம்பெனிக்கும் போகட்டும். இது நம் சட்டத்துக்குப் புதிதில்லை. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிப்பது கடன் கொடுத்தவர் பாடு என்கிறது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் எழுத முடிந்தது இப்போது ஏன் முடியாது? அப்படி வந்தால் அந்த அம்மா கூண்டில் ஏறவே வேண்டாம். பொய் சொல்லவும் வேண்டாம்.

அபராதத்தை எண்ணாக எழுதாமல், அந்தப் பிள்ளை வேலை செய்த காலத்துக்கு ஒரு பெரியவருக்குக் கொடுத்திருக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலியின் பல மடங்கு என்று எழுதினால் இருபது வருடத்துக்கு ஒரு முறை திருத்தவும் வேண்டியதில்லை. குறைந்தபட்சக் கூலி ஏற ஏற அதுவும் ஏறும்.

பதினான்கில் இருந்து பதினெட்டு வரை உள்ளவர்களைப் பற்றி ஒன்று மட்டும். அபாயமில்லாத வேலையில் அவர்களை வைக்கலாம், ஆனால் இரவு ஏழு முதல் காலை எட்டு வரை கூடாது, ஓய்வோடு சேர்த்து ஆறு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கிறது. மீறினால் ஒரு மாதம் வரை சிறை அல்லது 10,000 வரை அபராதம், முதல் தடவை என்றால் சமாதானமாக முடித்துக்கொள்ளவும் வழி உண்டு. ராத்திரி ஒன்பது மணிக்கு எந்த பரோட்டாக் கடைக்கும் போய்ப் பாருங்கள், இந்தப் பிரிவுக்கு என்ன மரியாதை என்று தெரியும்.

இதையெல்லாம் ஒரு மனு மாதிரி எழுதி எங்கள் வக்கீலிடம் காட்டினேன். கண்ணாடியை இறக்கிப் படித்துவிட்டு, எதிரித் தரப்பில் ஆஜராகப் போகிறவர் மாதிரியே கேட்டார்: "ஒரு பேர்ல கூடுதலா இருந்தாத்தானப்பா சந்தேகம்? நாளைக்கே ரெண்டு நோட்டு போடுவான். பாட்டி பேர்ல ஒண்ணு." நான் சொன்னேன், போடட்டும் சார். பாட்டிக்கும் கூலிச் சீட்டு கொடுக்க வேண்டும், பாட்டியின் வங்கிக் கணக்கில் பணம் போட வேண்டும் என்று அதே பிரிவிலேயே எழுதிவிடலாம். இல்லாத பாட்டிக்குக் கணக்குத் திறக்க முடியாது, படுத்த படுக்கையில் இருக்கிற பாட்டி நாற்பது குரோஸ் ஒட்டினார் என்று எந்த மாஜிஸ்திரேட்டும் நம்ப மாட்டார். அவர் பேனாவை எடுத்து ஓரத்தில் "வங்கிக் கணக்கு — சேர்க்கவும்" என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் டைப் செய்து தொழிலாளர் துறைக்கும் எங்கள் எம்.பி. அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பப் போகிறேன். வேறு மாவட்டத்தில் பீடி, ஊதுபத்தி, அப்பளம் என்று வீட்டு வேலைக் கணக்கு தெரிந்தவர்கள் இருந்தால், உங்கள் ஊர் நோட்டில் என்னென்ன பத்திகள் இருக்கின்றன என்று கீழே எழுதுங்கள். மனுவில் சேர்த்துக்கொள்கிறேன்.